நேர் ரோட்டில் மட்டும் வரும் அதிர்வு

அறுபதைத் தொட்டும் ஒன்றும் வரவில்லை. முள் அறுபதில் நின்றது, காற்று ஜன்னல் விளிம்பில் உரசிச் சீட்டியடித்தது, பின்சீட்டில் கிடந்த தண்ணீர் கேன் அங்கிட்டும் இங்கிட்டும் உருண்டது, எஞ்சின் எப்போதும் முனகுகிற மாதிரியே முனகியது, ஸ்டியரிங் மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது. இறுக்கிப் பிடித்தால் அதிர்வைக் கையே தின்றுவிடும், தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும் என்று ஓசூரில் வண்டிகளைச் சோதிக்கிற கம்பெனியில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; சங்கவி அப்படித்தான் பிடித்திருந்தாள். வா, வந்துவிடு, என்று மனதுக்குள் கூப்பிட்டாள். சின்னமனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வண்டிகள் குறைவு. ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் திராட்சைப் பந்தல், இரண்டுக்கும் மேலே மலை வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. பக்கத்து சீட்டில் அப்பா பவுன்ராஜ் ரேடியோவை அணைத்துவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, பேச்சையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியில் சத்தம் தேடுகிறபோது அவர் அப்படித்தான், மூச்சைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார். வலது கையை இடது கைக்குள் பொத்தி மடியில் வைத்திருந்தார். சாமி முன்னால் நிற்கிறவர் மாதிரி இருக்கிறது என்று தோன்றியது, அதற்கு மேல் அந்தக் கையைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. "தெரியுதா பாப்பா?" என்றார். தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதற்குத்தான் அவளுக்கு அங்கே வேலையே கொடுத்திருக்கிறார்கள். "லேசா தெரியுதுப்பா," என்றாள். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நாஞ் சொன்னது பொய்யில்ல," என்று முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், இத்தனை நாளும் யாரோ அவரைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்த மாதிரி.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். டொக் என்றது வண்டி. அடியில், நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், பலகையில் விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரே ஒரு தட்டு. மறுபடி மிதித்தாள், மறுபடி டொக். அது நிஜம், அதில் சந்தேகமே இல்லை, அப்படி ஒன்று நிஜமாக இருப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எஞ்சினை அடியில் பிடித்து நிறுத்துகிற மவுண்டில் ரப்பர் கிழிந்திருக்கும். மிதித்தால் எஞ்சின் ஒரு பக்கம் சாய்கிறது, விட்டால் மறுபக்கம் வந்து இடிக்கிறது. ஒரே வேகத்தில் போகும்போது சத்தம் இல்லை, மாறுகிற கணத்தில் மட்டும்தான். ஒரு ஸ்பேனரும் ஜாக்கியும் இருந்தால் தீர்ந்துவிடுகிற விஷயம். அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் டொக்கைத் தேடவில்லை, எல்லோரும் நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பங்குனியிலிருந்து ஸ்டியரிங் நடுங்குகிறது என்கிறார் அப்பா. முதலில் டயரை மாற்றினார்கள், வீல் பேலன்ஸ் பார்த்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பக்க ஆக்ஸிலையும் கழற்றி மாற்றினார்கள். அப்புறம் வீல் பேரிங். அப்புறம் மேல் மவுண்ட். ஒவ்வொரு தடவையும் அப்பா போன் செய்து, இப்போது பரவாயில்லை, குறைந்த மாதிரி இருக்கிறது என்பார், இரண்டு மூன்று நாள் கழித்து, திரும்ப வந்துவிட்டது என்பார். மெக்கானிக் ஹனீபா ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, இனி இந்த வண்டில மாத்துறதுக்குச் சாவிதான் பாக்கி," என்றாராம். அப்பா அதைப் போனில் சொல்லிச் சிரித்தார், அவளும் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் ஹனீபா அன்றைக்குச் சிரித்திருப்பாரா என்று தெரியவில்லை. கிண்டலாகச் சொல்லும்போது அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்பாவிடம் கேட்க முடியாது. நாளைக் காலையில் ஏலக்காய்க் கடை தர்மர் குடும்பம் அப்பாவின் டாக்ஸியில் மூணாறு போகிறது, மகளும் கைக்குழந்தையும் உண்டு, போடிமெட்டு ஏறித்தான் போக வேண்டும், பவுன்ராஜ் ஓட்டினால்தான் அந்த வீட்டு அம்மா மலையில் கண்ணைத் திறந்துகொண்டு வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்குத்தான் அவளை லீவு போட்டு வரச்சொன்னது. "நீங்க என்னமோ ஏசி ரூமுக்குள்ள வண்டிக்குக் குழாய் வச்சுப் பாப்பீகளாமே, அந்தப் படிப்ப நம்ம வண்டிக்குக் கொஞ்சம் காட்டு," என்று நேற்று பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

படிப்பு. அவருடைய வீட்டிலும் அம்மா வீட்டிலும் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கவுன்சிலிங்குக்கு இதே வண்டியில்தான் போனார்கள், அப்பா முன்தினமே கழுவித் துடைத்து, சீட்டுக்கெல்லாம் புது உறை போட்டிருந்தார், என்ன படிக்கப் போற என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெக்கானிக்கல் என்றார், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று கேட்டவர்களுக்கு, எனக்கு வண்டி பாக்க ஆள் வேணுமில்ல என்றார். சும்மா சொன்னதுதான். ஆனால் அவளுக்குள் அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை கிடைத்தபோது, இது எனக்கு எப்போதோ தெரிந்த சத்தம் என்றுதான் இருந்தது. சின்ன வயதில் சவாரி இல்லாத நாட்களில் எங்கேயாவது போய்த் திரும்பும்போது இந்தப் பின்சீட்டில் படுத்துத்தான் தூங்குவாள், காது சீட்டில் பதிந்திருக்கும், கியர் மாறுவதும் பாலம் ஏறுவதும் கண்ணைத் திறக்காமலே தெரியும், வீட்டுத் தெரு முனையில் வண்டி வேகம் குறைகிற சத்தத்துக்கு விழிப்பு வந்துவிடும், ஆனாலும் தூங்குகிற மாதிரியே கிடப்பாள், அப்பா தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. அப்போது அந்தக் கைகள், அதை எதற்கு இப்போது. ரோட்டைப் பார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் அடங்கியது, வண்டி தன் பாட்டுக்கு உருண்டது. நியூட்ரலிலும் அதிர்ந்தால் சக்கரத்துப் பக்கம், அதிரவில்லை என்றால் எஞ்சின் பக்கம். டயர் ரோட்டில் உருளும் சத்தம் மட்டும். கையில் ஒன்றுமில்லை. காலில் ஒன்றுமில்லை. சீட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவது கியரில் போட்டு முழு மிதி மிதித்தாள், ஆக்ஸிலின் உள் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது உதறும். உதறவில்லை. எண்பது போனாள். இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் குறைந்தது. கம்பெனியில் குறை இல்லாத வண்டி வந்தால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், கொண்டுவந்தவன் நம்ப மாட்டான், திரும்பத் திரும்பக் கொண்டுவருவான். அவள் சலித்துக்கொண்டதில்லை, அவளுக்குப் பயம்தான் வரும், நம் காதுக்குத்தான் தப்பிவிட்டதோ என்று. வெட்டின வெண்டைக்காய் மாதிரி மனசு வழுக்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், எனக்குத்தான் தெரியவில்லை, நான் படித்தது போதவில்லை, இருக்கிறது, இந்த வண்டிக்குள் எங்கேயோ இருக்கிறது, இருக்கட்டும், எது வேண்டுமானாலும் இருக்கட்டும், கியர்பாக்ஸே போகட்டும்.

அப்பா மெதுவாகத் தன் கண்டுபிடிப்புகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சும்மா புலம்புகிறவர் இல்லை, எதையும் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். வளைவில் சுத்தமாக இல்லையாம். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் நின்றுவிடுகிறதாம். நேர் ரோட்டில் சும்மா பிடித்துக்கொண்டு போனால் முதலில் ஒன்றுமிருக்காது, கொஞ்ச நேரத்தில் தானாக ஆரம்பிக்கும். விடியற்காலையில் எடுத்தால் அவ்வளவாக இல்லை, அசந்துபோய்த் திரும்பி வரும்போது கூடிவிடும். காலி வண்டியில் குறைவு, ஆள் ஏறினால் கூடுதல், அதுவும் பின்னால் யாராவது கறாராகப் பேசுகிற ஆள் உட்கார்ந்திருந்தால். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "வண்டிக்குக்கூட ஆளப் பாத்துப் பயம் வருது பாரேன்." சங்கவி சிரிக்க முயன்றாள். அவள் மனது ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு பாகத்தின் மேல் வைத்துப் பார்த்தது. வெளி ஜாயிண்ட் என்றால் ஒடிக்கும்போதுதான் வரும், நேர் ரோட்டில் வராது, இது தலைகீழ். டயர் என்றால் வளைவென்ன நேரென்ன. பேரிங் என்றால் சத்தமும் கூட வரும். எஞ்சின் என்றால் வண்டி நிற்கும்போதும் நடுங்கும். சுமை ஏறினால் கூடுகிறது என்பது உள் ஜாயிண்டுக்குப் பொருந்தும், ஆனால் உள் ஜாயிண்டுக்கு விடியற்காலை எது, அசதி எது. அசதி என்ற இடத்தில் அவள் மனது தடுக்கியது. தடுக்கி நின்று, திரும்பிப் போய், மறுபடி டயரிலிருந்து ஆரம்பித்தது. டயர், ஆக்ஸில், பேரிங், மவுண்ட். அசதி. வேலை செய்கிற இடத்தில் ஒரு விதி உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ரோட்டை மாற்று, டயரை மாற்று, சுமையை மாற்று. எல்லாம் மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கடைசியாக ஓட்டுகிற ஆளை மாற்று. அது கடைசிப் படி. அதை ஏற்கெனவே செய்துவிட்டோம் என்பது, வீட்டு வாசலில் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கி இந்த சீட்டில் உட்கார்ந்ததே அதுதான் என்பது, அவளுக்கு ஒரு வாழைத்தோட்டம் முழுக்கத் தாண்டும் வரைக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் அதைப் பிடிபடாததாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். காலையில் அம்மா போதுமணி அப்பாவுக்குக் காபி கொடுத்தாள். டம்ளரில் பாதிதான் ஊற்றினாள். சங்கவிக்கு முழு டம்ளர், அவருக்குப் பாதி, அது தீர்ந்ததும் அடுப்படியிலிருந்து இன்னொரு பாதி. சர்க்கரை இருக்கிறதோ, அளந்து கொடுக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு இட்லியைப் பிட்டாள். அளந்தால் எதற்கு இரண்டாவது பாதி. அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா ஏன் அவள் முகத்தைப் பார்க்காமலே இருந்தாள்.

"நீ லேசாப் புடிக்கிற, அதான் உனக்குச் சரியாத் தெரியல. எறங்கு, நான் ஓட்டுறேன், பக்கத்துல இருந்து பாரு," என்றார். ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இடம் மாறினார்கள். இப்போதுகூட அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த விதம் பார்க்க நன்றாக இருந்தது, சீட்டை ஒரு இழுப்பில் பின்னால் தள்ளி, கண்ணாடியை ஒரு விரலால் திருப்பி, வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. கிளட்சை விட்டது தெரியவே இல்லை. அந்த டொக்கைக்கூட அவர் காலால் ஏமாற்றிவிட்டார், அவள் ஓட்டியபோது ஒவ்வொரு தடவையும் தட்டிய வண்டி அவர் காலுக்கு வாயை மூடிக்கொண்டது. பார்த்தாயா, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், இவருக்கா. அவர் கைகளைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்தாள். ஒரு வளைவு, ஒரு வாய்க்கால் பாலம், ஆட்டுக்கிடை ஒன்று, அப்புறம் நேர் ரோடு. ஐம்பது, அறுபது. "இந்தா வரும் பாரு," என்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், "இந்தா." அவள் திரும்பினாள். ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்கவே தெரிந்தது, வலப்பக்கம் மெல்ல, சீராக, ஒரே அளவில். இருக்கிறது. அவளுக்கு ஒரு நொடி சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. இருக்கிறது, வண்டியில் இருக்கிறது, அப்பா சொன்னது சரி, எனக்குத்தான் தெரியவில்லை, இப்போதே ஹனீபாவிடம் போய்விடலாம். சட்டென்று டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. குனிந்து தரையில் வைத்தாள், அப்பா ஓடுகிற வண்டியில் என்ன பண்ணுகிறாய் என்றார். தரையில் ஒன்றுமில்லை. கியர் தண்டில் கை வைத்தாள், எஞ்சினின் பழைய முனகல் மட்டும். முன்னால் ஒரு மாட்டுவண்டி. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து அதைத் தாண்டினார், ஒடித்த கணத்திலேயே நடுக்கம் நின்றது, அழகாக, தண்ணீர் மாதிரி வண்டி விலகித் திரும்பியது. மறுபடி நேர் ரோடு. மறுபடி கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது. இப்போது அவள் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை.

வலது கையின் கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் மேல் உருண்டுகொண்டிருந்தது. கையில் இல்லாத ஒரு மணியை உருட்டுகிற மாதிரி. மணிக்கட்டு அதோடு சேர்ந்து ஆடியது, ஸ்டியரிங் மணிக்கட்டோடு சேர்ந்து ஆடியது. இந்த விரலை அவள் பார்த்திருக்கிறாள், ஓசூரில் ஹாஸ்டலுக்கு எதிர் வீட்டில் ஒரு பெரியவர் சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவருடைய விரல் இப்படித்தான், அந்த நோயின் பெயர் அவளுக்குத் தெரியும், மனதுக்குள்கூட அதைச் சொல்லாமல் தாண்டினாள். வேறாகவும் இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், நான் டாக்டர் இல்லை, நான் வண்டி பார்க்கிறவள். வண்டி பார்க்கிறவள் என்றால் இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, அதையும் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. செய்யாதே என்று ஒன்று சொன்னது. செய்யாவிட்டால் நாளை விடியற்காலை இந்தக் கை கைக்குழந்தையை ஏற்றிக்கொண்டு மலை ஏறும், மலையில் வளைவுதான், வளைவில்தான் வராதே, ஒடிக்கும்போது நின்றுவிடுகிறதே, அப்படியானால் மலையில் பயமில்லையா, இல்லை, இதென்ன கணக்கு, ஒரு லாரி எதிரே நின்று, இவர் ஓரத்தில் காத்து நின்று, சும்மா பிடித்துக்கொண்டு. சும்மா பிடித்துக்கொள்ளும்போதுதான் வரும். "அப்பா, ஒரு நிமிசம் நான் புடிச்சுக்கிறேன், நீங்க கைய மட்டும் எடுங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. இடப்பக்கத்திலிருந்து எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள், அவள் கைக்குள் அந்த நடுக்கம் ஏறியது, வெதுவெதுப்பாக, ஒரு கோழிக்குஞ்சைக் கையில் எடுத்தால் இருக்குமே அப்படி. அவர் கையை எடுத்தார். ஸ்டியரிங் நின்றுவிட்டது. அறுபதில், நேர் ரோட்டில், அவள் ஒற்றைக் கைக்குள் அது அசையாமல் இருந்தது. அவர் மடியில் விழுந்த கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவள் ரோட்டைப் பார்த்தாள். அவரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள், ஆனால் ஆக்ஸிலேட்டரில் அவர் கால் தளர்ந்து, டொக் என்று ஒரு சத்தம் வந்தது. அவர் ஓட்டி அந்தச் சத்தம் வந்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

வண்டி தானாக வேகம் குறைந்து ஓரத்தில் ஒரு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் எஞ்சினை அணைக்கவில்லை. பம்பு செட்டிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது, ஒரு பெண் தொட்டி ஓரத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சங்கவிக்குள் பொய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஸ்டியரிங் ராடு என்று சொல்லலாம். அதைத்தான் இன்னும் யாரும் தொடவில்லை. வண்டியை ஓசூருக்கு எடுத்துப் போகிறேன், எங்கள் மெஷினில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லலாம், ஒரு மாதம் ஓடும், அதற்குள் அம்மாவை வைத்துப் பேசலாம், மதுரைக்கு ஏதோ சாக்கில் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம். எல்லாம் நல்ல பொய்கள்தான். நம்பும்படியாகச் சொல்ல அவளுக்குத் தெரியும், இந்த வீட்டில் அதற்கான படிப்பு அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது, அவள் என்ன சொன்னாலும் அவர் நம்புவார். அவர் நம்புவார் என்ற இடத்தில்தான் ஒவ்வொரு பொய்யும் போய் முட்டி நின்றது. முதலில் டொக்கைப் பற்றிச் சொன்னாள், அடி மவுண்ட் போயிருக்கிறது, சின்ன வேலைதான், அதை மட்டும் மாற்றினால் போதும் என்று. தேவைக்கு மேல் விளக்கினாள், ரப்பர் எப்படிக் கிழியும், எஞ்சின் எப்படிச் சாயும் என்று கையால் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அது கெடக்குது," என்றார். "நடுக்கம் எதுல?"

"நடுக்கம் வண்டில இல்லப்பா."

ஸ்டியரிங்கின் மேல் படிந்திருந்த தூசியை அப்பா இடது கைப் பெருவிரலால் துடைத்தார். "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார். நல்லாப் பார்த்தேன் என்றாள். "எல்லாம் பாத்தியா?" எல்லாம் பார்த்தேன் என்றாள். வேறு வார்த்தைகளைத் தேடினாள், டாக்டர், சின்ன விஷயம், இப்போதெல்லாம் மாத்திரை இருக்கிறது, எத்தனையோ பேர், எதைச் சொன்னாலும் அது அந்தக் கையை வண்டியின் ஒரு பாகம் மாதிரி ஆக்கிவிடும் என்று இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததா. இத்தனை மாதமும் டயரையும் ஆக்ஸிலையும் மாற்றிக்கொண்டிருந்தது தெரியாமலா, தெரிந்துதானா. தெரிந்திருந்தால் எதற்காக அவளைக் கூப்பிட்டார். ஒருவேளை எல்லோரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததால்தான் கூப்பிட்டாரோ, ஹனீபா பேசவில்லை, அம்மா பேசவில்லை, பாதி டம்ளர் காபி பேசவில்லை, பேசுகிற வேலையை அவளுக்கு வைத்திருந்தார்களோ. இல்லை, அவர் நிஜமாகவே நம்பினார், அவள் லேசாகத் தெரிகிறது என்று பொய் சொன்னபோது அந்த முகம் தெளிந்ததே, தெரிந்தவர் முகம் அப்படித் தெளியாது. எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்திருப்பதா, தெரியாமலிருப்பதா. தொட்டியில் அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, வண்டி ரிப்பேரா என்று சத்தமாகக் கேட்டாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, இல்லத்தா, சும்மாதான் நிக்கோம் என்றார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். "இன்னொரு தரம் ஓட்டு. அறுபதுல ஓட்டு. நான் பாக்குறேன்."

அவள் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பி மறுபடி ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்த்திக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் சேட்டைக்காரப் பிள்ளைகளை உட்காரவைக்கிற மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதங்களைத் தரையில் ஊன்றினார், தலையைக் கதவோடு சாய்த்துக் கண்ணை மூடினார். அவள் ஐம்பது போனாள், அறுபது போனாள், அவர் சொல்லாமலே நியூட்ரலில் விட்டாள், மறுபடி கியரில் போட்டு இழுத்தாள், வளைவில் ஒடித்தாள், நேர் ரோட்டில் அப்படியே பிடித்தாள். எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்தாள், ஒன்றைக்கூட விடாமல், அவசரப்படாமல், ஏனென்றால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இந்த வண்டியை அவரைவிட நன்றாகக் கேட்கிறவர் யாரும் கிடையாது. இப்போதாவது வா என்று அவளுக்குள் இன்னும் ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது, வெட்கமில்லாமல், கண்டுபிடித்ததெல்லாம் தப்பாகட்டும், நான் படித்ததெல்லாம் தப்பாகட்டும் என்று. திராட்சைப் பந்தல்கள் இப்போது மறுபக்கம் போயின, மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வண்டி ஓடியது. புது டயர், புது ஆக்ஸில், புது பேரிங், புது மவுண்ட், அந்த டொக்கை விட்டுவிட்டால், மாற்றக்கூடியதெல்லாம் மாற்றியிருந்ததால் அது வாங்கின அன்றைக்கு ஓடியதைவிட நன்றாக ஓடியது என்றுகூடச் சொல்லலாம். ரொம்ப நேரம் கழித்து அப்பா கண்ணைத் திறந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றார். எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் இதே வார்த்தைகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள், பானெட்டைத் தட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதே வார்த்தைகள்தான்.

ஊர் எல்லைக்குச் சற்று முன்னால் அவர் இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். இடது கைக்கு அது பழக்கமில்லை, பெயரைத் தேடிப் பிடிக்க நேரமானது, அவள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்கவில்லை. "தர்மர்ணே, பவுன்ராசு பேசுறேன். நாளைக்கு வேற வண்டி சொல்லிவிடுறேண்ணே, நம்ம பயதான், பதனமா ஓட்டுவான்." அந்தப் பக்கம் ஏதோ பதற்றமாகக் கேட்டது. "இல்லண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கென்ன. வண்டிதான் சரியில்ல. ஸ்டியரிங் நடுங்குது. பாப்பா பாத்துட்டா, மலைக்கு ஆகாதுன்னுட்டா." யாராவது தன் வண்டியை ஒரு சொல் குறை சொன்னால் அவர்களோடு ஒரு வாரம் பேசமாட்டார் அவர். சங்கவி முன்னால் போன டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் வெயில் பட்டுக் கண் கூசி ஈரமானது. கூசியதால்தான் என்று வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் இன்னும் ஏதோ கேட்டது. அப்பா போனை நெஞ்சோடு சாத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எப்பச் சரியாகும்னு கேக்குறாரு பாப்பா. என்னன்னு சொல்ல?"